இன்னும் ஆள் இரிக்கா?

எண்டர் பொத்தானை அழுத்துவதற்கு முன் பரீனா வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொள்வாள். சொன்னவுடன் அழுத்திவிடவும் மாட்டாள். திரையில் எழுதியதை இன்னொரு தரம் வாசிப்பாள். கவுன்டர் கம்பிக்கு அப்பால் நிற்கும் ஆளை நிமிர்ந்து பார்த்து, அண்ணன் முறை வைத்து, "பேர் இதுதானே காக்கா, மாத்தமில்லையே" என்பாள். அவர் ஓம் என்று தலையாட்டிய பிறகும் விரல் அந்தரத்தில் நிற்கும். கடைசியில், கொதிக்கிற சட்டியின் மூடியைத் தொடுகிறவள் போலப் பொத்தானைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வாள். எதுவும் நடக்கவில்லை என்று கண்ட பிறகுதான் மூச்சு வெளியே வரும்.

கல்முனைப் பிரதான வீதியில், மருந்துக் கடைக்கும் பிடவைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய ஓர் அறை. கொழும்புக்கு ஓடும் சீனிமுகம்மது ஹாஜியாரின் பஸ்ஸுக்கு இடம் பிடிக்கிற கவுன்டர் அதுதான். ஒரு மேசை, ஒரு கதிரை, சுவரில் மாலை போட்ட பஸ்ஸின் படம், ஒரு கொம்பியூட்டர். கொம்பியூட்டரின் பெட்டியை எல்லாரும் மேசைக்குக் கீழே வைப்பார்கள். பரீனா ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் தட்டு அடித்து, அதில் ஏற்றி வைத்திருக்கிறாள். வயர்கள் பாகற்கொடி போலச் சுவர்வழியே இறங்கி வரும். அதைப் போடவும் நிறுத்தவும் அவள் நுனிக்காலில் எம்ப வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்டால், "தண்ணி வந்தா முதல்ல கீழ கிடக்கிறதுதான் போகும்" என்பாள். சுனாமித் தண்ணீர் இந்தக் கடை வரிசைக்கு ஏறவில்லையே என்று சம்மாந்துறை ஆள் ஒருவர் வாதாடிப் பார்த்தார்.

"இந்தத் தரம் ஏறல்ல" என்றாள் பரீனா.

அவர் அதற்குப் பிறகு டிக்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கணவன் றிஸ்மி கட்டாரில் லொறி ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போன் எடுப்பான். சாப்பிட்டீங்களா என்பாள். ஓம் என்பான். மெய்யாச் சாப்பிட்டீங்களா என்பாள். ஓம் புள்ள என்பான். என்னத்தச் சாப்பிட்ட என்பாள். ஒரு நாள் றிஸ்மிக்குப் பொறுக்கவில்லை. "நாட்டில கிடந்த செக்பொயின்டுக்கெல்லாம் தப்பி இஞ்ச வந்தா, நீ போன்லயும் ஒரு செக்பொயின்ட் போட்டு வெச்சிரிக்காய்" என்றான். இதைக் கவுன்டருக்கு வருகிறவர்களிடம் அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு அடங்குவதற்குள், "உங்கட அடையாள அட்டை கையில இரிக்கா? மெய்யா இரிக்கா?" என்றும் கேட்டுவிடுவாள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. திரையில் ஒரு கேள்வி பதிலில்லாமல் நிற்கும்போது கொம்பியூட்டரை நிறுத்தமாட்டாள். எல்லாக் கேள்விக்கும் பதில் கொடுத்து, கடைசியில் நன்றி என்ற சொல் வந்த பிறகுதான் நுனிக்காலில் எம்புவாள். இடையில் கரண்ட் போய்விட்டால் முகம் வெளுத்துவிடும். "கேட்டுக்கிட்டு நிக்கக்குள்ள மூஞ்சில அடிச்சமாதிரிக் கதவச் சாத்தலாமா" என்பாள், கரண்டுக்காரனுக்குக் கேட்கட்டும் என்பது போல.

அந்தக் கேள்விகளை எழுதினது யார் என்று நினைக்கிறீர்கள்? கொழும்புக் கம்பனி இல்லை. கல்முனைக்குடியில் பிறந்து, ஓ.எல். வரை படித்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, முப்பது தாண்டிய பிறகு கொம்பியூட்டரைத் தொட்ட பரீனாதான் எழுதினாள். இந்தக் கரையில் பிறந்த பெண்கள் எதற்கும் குறைந்தவர்கள் அல்ல. அதற்கு யாரிடமும் சான்றிதழ் வாங்கிக் காட்டத் தேவையுமில்லை.

காரைதீவுப் பொடியன் ஜதுசன் கல்முனையில் ஒரு மாடியில் மாலை வகுப்பு வைத்தான். ஹர்த்தால் என்றால் வகுப்பு இல்லை. எங்காவது வெடிச்சத்தம் கேட்டாலும் இல்லை. அவனுடைய தாய் போனுக்கு மேல் போன் போட்டு அவனைப் பொழுது சாய முன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்வாள். மிச்ச நாட்களில் பரீனா கவுன்டரைப் பூட்டிவிட்டு மாடி ஏறினாள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுக்கு நடுவில், முக்காட்டைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு, முன் வாங்கில் உட்கார்ந்தாள். ஜதுசனை விட அவள் எட்டொன்பது வயது மூப்பு. அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனைச் சேர் என்பாள், மறந்துபோனால் தம்பி என்பாள்.

அவள் எழுதிய முதல் புரோகிராம் பஸ்ஸில் இடம் பிடிக்கிற புரோகிராம்தான். வேறென்னத்தை எழுதுவாள்? கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து வராது என்பதால், தமிழ்க் கேள்விகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்தாள். பெயர் என்ன, வயது என்ன, எந்த சீற் என்று அது கேட்கும். பதில் சொன்னால் வாங்கிக்கொள்ளும். ஆனால் அது நம்மவர்களின் பதில்களுக்குப் பழகாத புரோகிராம். "வயது என்ன" என்று கேட்டால் இந்தப் பக்கத்துப் பெரியவர் இலக்கம் சொல்வாரா? "சூறாவளி அடிக்கக்குள்ள என்ட மூத்த மகன் கைப்புள்ள" என்பார். அதை அப்படியே எழுதினால் திரை முழுக்க இங்கிலீஷில் எதையோ கொட்டிவிட்டு புரோகிராம் செத்துவிடும். அதுவரை பிடித்த சீற்றெல்லாம் அதோடு போய்விடும்.

இன்னொரு கூத்தும் இருந்தது. பெயரைக் கேட்டால் அது முதல் சொல்லை மட்டும் விழுங்கும். மிச்சச் சொல் வாசலில் நிற்கும். அடுத்த கேள்வி வாயைத் திறந்ததும் அந்த மிச்சச் சொல் உள்ளே ஓடிவிடும். சீனிமுகம்மது ஹாஜியார் என்று எழுதினால், பெயர் சீனிமுகம்மது, வயது ஹாஜியார். யாரும் விரலை அசைக்க முன்னமே கேள்விக்குப் பதில் விழுந்து புரோகிராம் படுத்துவிடும். இதைக் கண்ட நாளில் பரீனா பயந்துபோனாள். "சேர், நான் ஒண்டும் அமத்தல்ல. தானாப் பதில் செல்லுது. இதுக்குள்ள என்னமோ இரிக்கி" என்றாள்.

"அக்கா, ஜின், பேயெல்லாம் இல்ல. நீங்க விட்ட மிச்சம்தான் வந்து நிக்குது" என்றான் ஜதுசன். வரி முழுவதையும் ஒரே வாயில் வாங்க வைத்து, அதன் பிறகு அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தான்.

பிறகு அவளுடைய புரோகிராமை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தான். எல்லாம் ஒரே குவியல். கேட்பது, எண்ணுவது, சீற் கொடுப்பது, அச்சடிப்பது எல்லாம் ஒரே இடத்தில். "இது புரோகிராம் இல்லையக்கா, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் பஸ் ஸ்டாண்ட்" என்றான். அவனுடைய திருத்தத்தை விளங்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பஸ் ஓடிப் பிழைத்த எவனுக்கும் விளங்கும். றைவரே டிக்கட் போட்டு, றைவரே சாமான் ஏற்றி, றைவரே கதவையும் திறந்தால், அந்த பஸ் மஹியங்கனை வளைவில் குப்புறக் கிடக்கும். றைவருக்கு றைவர் வேலை, கொண்டக்டருக்குக் கொண்டக்டர் வேலை. ஜதுசன் பரீனாவின் குவியலைப் பிரித்தான். பயணி தனியாக நின்றான், தன் பெயரையும் வயதையும் வைத்துக்கொண்டு. சீற் தனியாக நின்றது, தன்னில் யார் இருக்கிறார் என்பதை மட்டும் அறிந்துகொண்டு. பஸ் தனியாக நின்றது, எல்லாச் சீற்றையும் சுமந்துகொண்டு. கேள்வி கேட்பதற்கென்றே இன்னொரு ஆளைத் தனியாக வைத்தான். அதுதான் கொண்டக்டர். அந்த ஆள் கேட்பான், சரியான பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்பான், சரியானதை மட்டும் உள்ளே அனுப்புவான்.

அந்தக் கடைசி ஆளைப் பரீனாவுக்கு உடனே பிடித்துவிட்டது. தன்னையே உரித்து உள்ளே வைத்தது போல இருந்தது அது. அவனை வளர்ப்பதில் இறங்கினாள். வெறுமையாக விட்டால் ஏற்கமாட்டான். பெயரில் இலக்கம் வந்தால் ஏற்கமாட்டான். வயதில் எழுத்து வந்தால் ஏற்கமாட்டான். வெறுமனே பிழை என்று சொல்லாமல், எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து மீண்டும் கேட்பான்.

இவ்வளவும் திருந்திய பிறகும் ஒரு விபத்து நடந்தது. கவுன்டரில் டிக்கட் இன்னமும் சீற் கட்டம் கீறிய மட்டையில்தான் எழுதப்பட்டது. மட்டையில் எழுதியதைத் தன் பாட்டுக்குக் கொம்பியூட்டரிலும் எழுதிப் பழகுவாள். ஒரு நாள் துணிந்து, கொம்பியூட்டர் சொன்ன சீற்றை மட்டையில் எழுதிவிட்டாள். அது ஒரு கன்னிப் பெண்ணை, பாலமுனை ரீச்சர் ஒருவரை, சீமெந்து வியாபாரி ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. அந்நிய ஆம்பிளைக்குப் பக்கத்தில் தனியாக வருகிற பெண்ணுக்குச் சீற் கொடுப்பதில்லை என்பது இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கொம்பியூட்டருக்கு யார் சொன்னது? பஸ் புறப்பட முன் பெண்ணின் வாப்பா கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ட மகளுக்கு மாப்பிள்ள பாக்கச் சொல்லி உன்னட்ட ஆரு கேட்ட?"

பரீனா ஓடிப்போய் ஆட்களை மாற்றி உட்கார வைத்தாள். அடுத்த வகுப்பில் ஜதுசனோடு உட்கார்ந்து, ஆணா பெண்ணா என்றும் கேட்க வைத்து, ஒவ்வொரு சீற்றும் பக்கத்துச் சீற்றிடம் விசாரித்துவிட்டே ஆளை ஏற்கும்படி மாற்றினாள். ஆனால் சங்கதி ஹாஜியாரின் காதுக்குப் போய்விட்டது. கவுன்டருக்கு வந்து பிளேன்டி குடித்தார், தட்டில் இருக்கும் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார், போய்விட்டார். பரீனாவுக்கு அது ஏச்சை விடக் கஷ்டமாக இருந்தது.

ஜதுசன் சொன்னதில் ஒன்றே ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை.

அவளுடைய புரோகிராம் ஒரு பெயரை எழுதியதும், "இன்னும் ஆள் இருக்கா?" என்று கேட்கும். ஓம் என்றால் அடுத்த பெயர். இல்லை என்றால் எத்தனை பேர் என்று தானாக எண்ணிக்கொள்ளும். ஜதுசன் இதைச் சுற்றுவழி என்றான். "முதலே எத்தனை பேர் எண்டு கேளுங்கோ அக்கா. அஞ்சு எண்டா அஞ்சு தரம் சுத்தும். வடிவாயிருக்கும்."

"வேணாம் சேர்."

"ஏன் வேணாம்?"

"நம்மட ஆக்களுக்கு ஆள் எண்ணத் தெரியாது."

அது பொய்யுமில்லை. மருதமுனையிலிருந்து ஒருவர் வந்து ரெண்டு பேர் என்பார். பெயரைக் கேட்டால் தானும் மனைவியும் என்பார். பிறகு மாமியையும் சேர்ப்பார். "ஒண்டு மடியில, மத்தவன் காலுக்கிடையில நிப்பான்" என்பார். சீற் எடுக்காத ஆளை ஆள் என்று எண்ணுவது நம்மிடம் வழக்கமில்லை. செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கி நடக்க விட்டுத் தலை எண்ணும்போது, மடியில் இருந்ததும் காலுக்கிடையில் நின்றதும் தலைதான். கொண்டக்டரின் எண்ணிக்கையும் ஆமிக்காரனின் எண்ணிக்கையும் இடித்தால், முழு பஸ்ஸும் வெயிலில் நிற்கும். ஆகவே பெயர் பெயராகக் கேட்பதுதான் சரி என்று பரீனா சொன்னதில் நியாயம் இருந்தது. ஜதுசன் தலையாட்டினான். ஆனாலும் படிப்புக்காக மற்ற விதத்திலும் ஒன்றை எழுதிப் பார்க்கச் சொன்னான். எழுதினாள். அது கொம்பியூட்டரில் ஒரு மூலையில் கிடந்தது. ஒரு நாளும் அதை அவள் ஓடவிடவில்லை.

நியாயம் அது. காரணம் வேறு.

சுனாமிக்கு அடுத்த நாள், பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அகதி முகாமில், மேசை போட்டு உட்கார்ந்திருந்த உத்தியோகத்தர் அவளிடம் எத்தனை பேர் என்று கேட்டார். அஞ்சு என்றாள். யோசிக்கவில்லை, எந்த நாளும் சொல்கிற பதில், தானாக வந்தது. பெயர்களைச் சொல்லுங்க என்றார். தன் பெயரைச் சொன்னாள். றிஸ்மியின் பெயரைச் சொன்னாள். உம்மாவின் பெயரைச் சொன்னாள். இடுப்பில் இருந்த மகள் றுக்ஸானாவின் பெயரைச் சொன்னாள். உத்தியோகத்தர் பேனையைப் பிடித்தபடி, "அஞ்சாவது ஆள்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. வரிசை நீளமாக இருந்தது. "தங்கச்சி, அஞ்சாவது ஆளைச் சொல்லுங்க" என்று இன்னொரு தரம் கேட்டார். அவளுடைய தங்கச்சி நதீரா எங்கே இருக்கிறாள் என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. பிறகும் தெரியவில்லை.

அதே வரிசையில் அவளுக்குப் பின்னால் சீனிமுகம்மது ஹாஜியார் நின்றார், ஈரச் சாறனோடு. அவருடைய இளைய மகன் சரீப் முதல் நாள் காலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. ஹாஜியாரின் முறை வந்தபோது அவர் வாய் திறக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற மருமகன் மசூர்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

பரீனா இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவளுடைய கவுன்டரில் ஒருவரும் ஒருநாளும் எத்தனை பேர் என்று கேட்கப்பட்டதில்லை. மட்டையில் எழுதுகிற காலத்திலும் அப்படித்தான். "ஆராரு போற? பேரச் செல்லுங்க" என்பாள். "இன்னும் ஆள் இரிக்கா?" என்பாள். வருகிறவர் சொல்லிக்கொண்டே போகலாம், விரும்பிய இடத்தில் நிறுத்தலாம்.

போன மாதம் யுத்தம் முடிந்தது என்று றேடியோ சொன்னது. வீதியில் வெடி கொளுத்தினார்கள். பரீனா ஒவ்வொரு வெடிக்கும் கதிரையில் துள்ளினாள். முடிந்ததென்றால் மெய்யாகவே முடிந்ததா என்று பிடவைக் கடைக்காரரிடம் கேட்டாள். அரை மணித்தியாலம் கழித்து மருந்துக் கடைக்காரரிடமும் கேட்டாள். ஹாஜியாருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. சைக்கிளில் மீன் கட்டி விற்று, லொறியில் கிளீனராகத் தொங்கி, கடைசியில் தன் பெயரில் பஸ் விட்ட மனிதர். வழி திறக்கும்போது யார் முதலில் போகிறானோ அவனுக்குத்தான் வழி என்று அறிந்தவர். ரெண்டாவது பஸ் விடப்போவதாக ஊருக்கே சொல்லிவிட்டார். ரெண்டு பஸ்ஸை மட்டையில் சமாளிக்க முடியாது. மசூர் கொழும்பில் ஒரு கம்பனியோடு பேசி வைத்திருந்தான். அவர்கள் கொம்பியூட்டர் சாமானையும் கொண்டு வருவார்கள், அதை ஓட்ட ஓர் ஆளையும் கொண்டு வருவார்கள். ஆள் வந்தால் பரீனாவின் கதிரை போய்விடும். கட்டாரிலும் வேலை குறைகிறது, எங்களில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம் என்று றிஸ்மி சொன்ன வெள்ளிக்கிழமையும் அதே வாரத்தில்தான் வந்தது.

"என்டதையும் ஒருக்காப் பாருங்க ஹாஜியார்" என்று கேட்டாள். ரெண்டு தரம் கேட்டாள்.

ஒரு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஹாஜியார் வந்தார், மசூரோடு. பரீனா தன் கதிரையைக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். முந்தானை நுனி விரலில் சுற்றிச் சுற்றி இறுகியது. மசூர் குனிந்து கீபோர்டை இழுத்துக்கொண்டான். பெயர் கேட்டது, ஒன்றும் எழுதாமல் எண்டரை அடித்தான். பெயர் வெறுமையாக இருக்கக்கூடாது, மீண்டும் எழுதுங்கள் என்றது. இலக்கமாக எழுதினான். பெயரை எழுத்தில் எழுதுங்கள் என்றது. வயதுக்குத் தன் மோட்டார் சைக்கிள் நம்பரைக் கொடுத்தான். இந்த வயதில் பயணி இருக்க முடியாது, மீண்டும் எழுதுங்கள் என்றது. பஸ்ஸில் இல்லாத சீற்றைக் கேட்டான். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துத் திரையை நிறைத்தான். அது அசையவில்லை. ஒவ்வொரு தரமும் அதே தணிவில் திருப்பிக் கேட்டது. ஒவ்வொரு எண்டருக்கும் பரீனாவின் உதடு பிஸ்மி சொன்னது.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "உன்ட மாமிய விடப் பொறுமையா இரிக்கி மசூர்."

மசூருக்குச் சிரிப்பு வரவில்லை. "அது செரி மாமா. இதப் பாருங்க. ஒவ்வொரு பேருக்கும் புறகு, இன்னும் ஆள் இரிக்கா, இன்னும் ஆள் இரிக்கா எண்டு கேட்டுக்கிட்டே நிக்கிது, சந்தைல கத்தரிக்கா விக்கிற மாதிரி. கொழும்புக்காரன்ட சாமான் முதல்லயே எத்தன பேரெண்டு கேக்கும். ஒரே கேள்வி. வேல முடிஞ்சிது."

ஹாஜியார் யோசித்தார். வேகம் என்றால் அவருக்கு விளங்கும். "அது ஞாயம்தான் புள்ள. எத்தன பேரெண்டு முதல்ல கேட்டா என்ன? அத மட்டும் மாத்து. மாத்தினா ரெண்டு பஸ்ஸுக்கும் உன்டதுதான். மாத்தேலாதெண்டா இவன் செல்றத்தத்தான் நான் கேக்கோணும்."

"மடிப்புள்ளைகள உட்டுப்போட்டுச் செல்லுவாங்க ஹாஜியார்" என்றாள் பரீனா.

"அதெல்லாம் கேக்கிற மாதிரிக் கேட்டாச் செல்லுவாங்க. மாத்தேலுமா, ஏலாதா?"

கட்டாரும், வாடகை வீடும், மகளும் ஒரே நேரத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஏலாது என்று சொல்லத்தான் நினைத்தாள். "ஏற்கெனவே ஒண்டு எழுதி வெச்சிரிக்கி" என்றாள்.

மூலையில் கிடந்ததைத் தேடி எடுத்தாள். கறுப்புத் திரை வந்தது. எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

"தள்ளு, நான் போடுறன்" என்றார் ஹாஜியார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "என்ட ஊட்டாக்கள் எல்லாரும் கொழும்புக்குப் போறம் எண்டு வெச்சிக்க." கேள்வியைப் பரீனா வாசித்துக் காட்டினாள். அவர் ஆறு என்று சொல்லிக்கொண்டே ஆறை அழுத்தினார், எண்டரையும் அழுத்தினார்.

வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் மாத்தமில்லையே என்று கேட்கிற பரீனா அந்த ஒரு தரம் கேட்கவில்லை.

இங்கிலீஷ் எழுத்து ஹாஜியாருக்கு ஓடாது. பெயர்களை அவர் சொன்னார், அவள் மேசைக்கு மேலால் குனிந்து எழுதினாள். தன் பெயரைச் சொன்னார். மனைவியின் பெயரைச் சொன்னார். மூத்த மகள் றாஹிலாவின் பெயரைச் சொன்னார். "இந்தா நிக்கிறார், உங்கட மனேஜர்" என்று மசூரின் பெயரைச் சொன்னார். பேத்தியின் பெயரைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது; வயதையும் அரை வயது கூட்டியே சொன்னார். பரீனா எழுதிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பெயருக்கும் விரல் மெதுவாகிக்கொண்டு வந்தது.

ஆறாவது பயணியின் பெயர் என்ன என்று திரை கேட்டது.

"ஆறாவது ஆள், ஹாஜியார்?" என்று அவள் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. மற்றவர்களைச் சொன்ன அதே வேகத்தில் ஹாஜியாரின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

வீதியில் அக்கரைப்பற்று பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"ஆறு எங்க மாமா?" என்றான் மசூர், திரையைப் பார்த்துக்கொண்டு. "நாம அஞ்சு பேர்தானே. பிழையாப் போட்டிட்டீங்க." கையை நீட்டி எண்டரை அடித்தான். பெயர் வெறுமையாக இருக்கக்கூடாது, மீண்டும் எழுதுங்கள் என்றது. இன்னொரு தரம் அடித்தான். பெயர் வெறுமையாக இருக்கக்கூடாது என்றது. பரீனா பார்த்துப் பார்த்து வளர்த்த அந்தக் கேள்வி கேட்கிற ஆள், அவள் சொல்லிக் கொடுத்த அதே தணிவில், அதே பொறுமையில், விடாமல் கேட்டான். மசூர் திரும்பத் திரும்ப அடித்தான். ஒரே வரி ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே வந்தது. "இது போகுதில்ல மாமா, ஏதாவதொரு பேரப் போட்டு உடுவம்" என்று மீண்டும் கையைக் கொண்டுபோனான்.

ஹாஜியார் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தார். மீன் கட்டின கை, லொறியில் தொங்கின கை. மசூரின் விரல்கள் விரிந்து நின்றுவிட்டன.

"நீ போ" என்றார். "போய் அந்தக் கொழும்பாக்களுக்கு வரவேணாமெண்டு செல்லு."

மசூர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகுதான் அவனுக்கும் எண்ணிக்கை விளங்கியது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான்.

ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவுமில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைசி வரியின் முடிவில் அந்தச் சின்ன வெள்ளைக் கோடு தோன்றியும் மறைந்தும், பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பரீனா சுவரோரமாக வந்து, நுனிக்காலில் எம்பி, தட்டில் ஒரு கையை ஊன்றி, பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்து, உள்ளே காற்றாடி சுற்றுவது நின்று, அறையில் சத்தம் முழுவதும் அடங்கும்வரை விரலை அதிலிருந்து எடுக்கவில்லை.